சீமை வீட்டின் உள்ளறைகள் – 17: மேலும் கீழும்

சென்ற வாரம், இரவெல்லாம் மின்சாரத்தை உண்டு சூடேறி, பகலெல்லாம் அந்தச் சூட்டைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூடத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கும் செங்கல் பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவந்து, அவற்றுக்கு உடன்பிறந்தது ஒன்று அதே வீட்டில் யாரும் எட்டிப் பாராத ஓர் அலமாரிக்குள் நின்றுகொண்டிருக்கிறது என்ற இடத்தில் நிறுத்தினேன். இந்த வாரம் அந்த அலமாரியின் கதவைத் திறப்போம்.

பிரிட்டனில், எரிவாயுக் குழாய் எட்டாத கிராமத்து வீடுகளிலும், எரிவாயுவே வேண்டாம் என்று கட்டும்போதே தீர்மானித்துவிட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், குளியலறையை அடுத்தோ மாடிப்படி முடியும் இடத்திலோ ஆளுயரத்துக்கு ஓர் அலமாரி இருக்கும். திறந்தால் வெதுவெதுப்பான காற்று முகத்தில் வந்து படும். மேலே மரச்சட்டங்களின்மீது துவாலைகளும் படுக்கை விரிப்புகளும் மடித்து அடுக்கியிருக்கும். கீழே, பச்சை நிற நுரைக் கவசம் பூண்டு, செம்பினாலான உருளை ஒன்று, தவத்தில் அமர்ந்த சந்நியாசியைப்போல் அசைவற்று நின்றுகொண்டிருக்கும். ஈரம் எளிதில் உலராத அந்தத் தேசத்தில் இந்த அலமாரிக்கு ‘ஏரிங் கப்போர்ட்’ என்று துணியை முன்னிட்டே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் துணிக்கு அங்கே கிடைப்பதெல்லாம் உருளை தன்னையறியாமல் கசியவிடும் மிச்சச் சூடுதான். அலமாரியின் உண்மையான அதிபதி அந்த வெந்நீர்ச் சிலிண்டரே.

சிலிண்டருக்குள் இருந்து நீரைக் காய்ச்சும் சாதனத்துக்கு ‘இம்மர்ஷன் ஹீட்டர்’ என்று பெயர். நம் ஊரில் வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் குழந்தைகளை வரவிடாமல் காவல் இருப்போமே, அந்தக் கம்பிச் சுருளுக்கும் இதற்கும் குலம் ஒன்றுதான். வாளிச் சுருள் ஏழை உறவினன். இதுவோ சிலிண்டரின் செம்புச் சுவரில் மரையிட்டு முடுக்கப்பட்டு, ஆயுள் முழுவதும் நீருக்குள்ளேயே வாசம் செய்வது. அதன் சக்தி வழக்கமாக 3 கிலோவாட். அதாவது, ஒரு மணி நேரம் எரிந்தால் 3 யூனிட். இந்தச் சிறிய கணக்கை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால், இனி வரும் பெரிய கணக்குகள் தாமாகவே அவிழும்.

* * *

இரவில் காய்ச்சிப் பகலில் குளிப்பது என்ற விசித்திரமான ஏற்பாடு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் உற்பத்தி செய்கிறவனுக்கு இரவு என்பது ஒரு சங்கடம். மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் அடுப்பும் விளக்கும் ஏற்றி அவனைத் தவிக்கவிடும் ஜனங்கள், நள்ளிரவுக்குப் பிறகு ஒருமிக்கப் படுத்துறங்கிவிடுகிறார்கள். பெரிய நிலக்கரி நிலையத்தை இரவில் அணைத்து விடியற்காலையில் மூட்டுவது செலவு பிடித்த காரியம். அணு உலையையோ நினைத்தபோது தணித்து நினைத்தபோது எழுப்ப அதன் இயல்பே இடம் கொடாது. ஆகவே, வாங்க ஆளில்லாத வேளையிலும் சரக்கு உற்பத்தியாகிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சரக்கோ, நெல்லைப்போல் குதிரில் கொட்டி வைக்கக் கூடியதும் அல்ல.

இங்கிலாந்தின் மின்வாரியம் இதற்கு இரண்டு உபாயங்களைக் கைக்கொண்டது. ஒன்று, வேல்ஸ் நாட்டின் மலையொன்றைக் குடைந்து, இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் கீழேரித் தண்ணீரை மேலேரிக்கு ஏற்றி, மறுநாள் அவசர வேளையில் அதை இறக்கி மின்சாரமாகத் திரும்பப் பெறுவது. 1984-இல் திறக்கப்பட்ட டினோர்விக் நிலையம் அதுதான். ஆறு இயந்திரங்களும் சேர்ந்து 1,728 மெகாவாட். மற்றொன்று, மலையைக் குடையாமலே, நாட்டிலுள்ள வீட்டுக்காரர்களின் அலமாரிகளை உபயோகித்துக்கொள்வது. இரவில் ஏழு மணி நேரத்துக்கு யூனிட் விலையைப் பாதியளவுக்கும் கீழே இறக்கி, “உங்களுக்கு வேண்டிய சூட்டை இப்போதே வாங்கிச் செங்கல்லிலும் தண்ணீரிலும் வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் திட்டம் அது. 1978 அக்டோபரில் வந்த அதற்கு ‘எகானமி செவன்’ என்று பெயர். அந்த ஏழு, ஏழு மணி நேரத்தைக் குறிப்பது. மலை, இரவை உயரமாகச் சேமித்தது. சிலிண்டர், அதே இரவை உஷ்ணமாகச் சேமித்தது.

இதில் ஒரு நிபந்தனையும் மறைந்திருந்தது. இரவு விலை குறைந்ததற்கு ஈடாக, பகல் விலை சாதாரண வீட்டுக்காரர் கொடுப்பதைவிடச் சற்று அதிகம். எனவே, இரவில் வாங்க வேண்டியதைப் பகலில் வாங்குகிறவன் லாபத்தை இழப்பதோடு நிற்பதில்லை, அபராதமும் கட்டுகிறான்.

* * *

ஒரு நாளைக்கு வேண்டிய வெந்நீர் முழுவதையும் இரவிலேயே காய்ச்சி வைப்பதென்றால் பாத்திரம் பெரியதாக இருக்க வேண்டும். சாதாரண வீட்டுச் சிலிண்டர் 120 லிட்டரோ 140 லிட்டரோ கொள்ளும். இரவு மின்சாரத்துக்கென்று செய்யப்பட்டது 210 லிட்டர் கொள்ளும். குழாயில் 10 டிகிரியில் வரும் குளிர்நீரை 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். 60-க்குக் கீழே வைத்தால், தேங்கிய வெதுவெதுப்பான நீரில் ‘லெஜியோனெல்லா’ என்ற நோய்க்கிருமி குடியேறிவிடும் அபாயம் உண்டு. 210 லிட்டரை 50 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 12 யூனிட் செலவாகும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு அது நான்கு மணி நேரத்து வேலை. ஏழு மணி நேரத்துக்குள் அடக்கமாக முடிந்துவிடுகிறது. அப்புறம், நல்ல நுரைக் கவசம் இருந்தால், அந்தச் சூடு மாலைவரைகூடத் தளராமல் நிற்கும்.

ஆனால் மாலையில் விருந்தாளி வந்து, வெந்நீர் தீர்ந்துபோனால்? அதற்காகத்தான் சிலிண்டருக்குள் ஒரு ஹீட்டருக்குப் பதில் இரண்டு வைத்தார்கள். ஒன்று அடியில், ஒன்று உச்சியை ஒட்டி. இந்த இரண்டின் தத்துவத்தைப் புரிந்துகொள்ள இயற்பியல் புத்தகம் தேவையில்லை. சித்திரை மாதத்துப் பிற்பகலில் குளத்தில் இறங்கியவர்கள் எல்லாருக்கும் அது தெரியும்: மார்பளவில் தண்ணீர் வெந்நீராகச் சுடும்; காலடியிலோ ஐஸாகக் குளிரும். சுடுநீர் லேசானது, மேலே மிதக்கிறது. குளிர்நீர் கனமானது, கீழே படிகிறது. யாரும் கலக்காத வரையில் இரண்டும் அண்டை வீட்டாரைப்போல், சண்டையும் இல்லாமல் சகவாசமும் இல்லாமல், தனித்தனியே இருந்துகொள்கின்றன.

அடி ஹீட்டர் எரியும்போது அதற்கு மேலிருக்கும் தண்ணீர் அத்தனையும், அதாவது கிட்டத்தட்டச் சிலிண்டர் முழுவதும், காய்கிறது. உச்சி ஹீட்டர் எரியும்போது தனக்கு மேலிருக்கும் கொஞ்சத் தண்ணீர்தான் காய்கிறது. கீழே இருப்பது தூங்கிக்கொண்டேயிருக்கும். வெந்நீர்க் குழாய் சிலிண்டரின் உச்சியிலிருந்தே புறப்படுவதால் அந்தக் கொஞ்சமே, அரை மணி நேரத்தில், ஒருவர் குளிக்கப் போதுமானதாகிவிடுகிறது. ஆகவே, அடி ஹீட்டர் மலிவான இரவுக்கு. உச்சி ஹீட்டர் விலை உயர்ந்த பகலின் அவசரத்துக்கு. இன்னொரு பழைய ரகத்தில், சிலிண்டரின் தலைவழியே ஒரே மூடிக்குள் நெட்டையும் குட்டையுமாக இரண்டு எலிமெண்டுகள் இறங்கும்; அதன் சுவிட்சில் ‘பாத்’ என்றும் ‘ஸிங்க்’ என்றும் எழுதியிருக்கும். நெட்டையானது குளியலுக்கு, குட்டையானது பாத்திரம் கழுவுவதற்கு என்று, பௌதிகம் தெரியாத இல்லத்தரசிக்கும் விளங்கும்படி எழுதிய அந்தப் பெயர் தெரியாத மனிதனை நான் மனத்துக்குள் வணங்கியிருக்கிறேன்.

* * *

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் லண்டனின் வடமேற்கே ஹாரோவில் ஒரு மாடிக் குடியிருப்பை வாடகைக்கு எடுத்தேன். ஊரிலிருந்து என் தாயார் வந்து தங்கியிருந்த முதல் குளிர்காலம் அது. தினமும் காலையில் அம்மா குளித்து முடித்ததும் என் முறை வரும். நான் தலையில் சோப்புப் போட்டுக்கொண்ட அந்தக் கணத்தில் வெந்நீர் நின்றுபோய்க் குளிர்நீர் கொட்டும். 210 லிட்டர் சிலிண்டர், இரவெல்லாம் காய்ந்தது, இரண்டு பேருக்குப் போதவில்லை! வேறு வழியின்றிப் பகல் சுவிட்சைப் போட்டுக் காத்திருப்பேன். அரை மணியில் வர வேண்டிய வெந்நீர் இரண்டு மணி நேரமாகியும் வெதுவெதுப்பாகவே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்சாரக் கணக்கு வந்தபோது, இரவுக் கணக்கு மெலிந்தும் பகல் கணக்கு பருத்தும் இருந்ததைக் கண்டு, மீட்டரில்தான் பிழை என்று முடிவுகட்டினேன்.

கோயிலில் அறிமுகமான ஒரு பெரியவர் வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்தவர், அங்கேயும் பிறகு லண்டனிலும் சேர்த்து வாழ்நாளெல்லாம் வயரிங் வேலையே செய்தவர். அவர் சிலிண்டரின் பக்கமே முதலில் போகவில்லை. மீட்டர் இருந்த சிறு அறைக்குப் போய், அதன் இரண்டு வரிசை எண்களையும், அருகில் வாரியம் முத்திரையிட்டு வைத்திருந்த கடிகாரத்தையும் பார்த்தார். அதற்குக் கீழே அடுத்தடுத்து இருந்த இரண்டு ஃப்யூஸ் பெட்டிகளையும் பார்த்தார். ஒரு பெட்டி இருபத்துநாலு மணி நேரமும் உயிரோடிருப்பது. மற்றது கடிகாரம் அனுமதித்தால் மட்டும், இரவில் ஏழு மணி நேரம், உயிர்பெறுவது. செங்கல் பெட்டிகளும் அடி ஹீட்டரும் அதிலிருந்துதான் போக வேண்டும். பிறகு அலமாரிக்கு வந்து, பகல் சுவிட்சைப் போட்டார். அடி ஹீட்டரின் மூடியைக் கழற்றி, சோதனைக் கருவியின் இரு முனைகளையும் வைத்தார். பட்டப்பகலில் உயிரற்றிருக்க வேண்டிய அந்த இடத்தில் விளக்கு எரிந்தது.

“தம்பி, உங்கடை சிலிண்டரிலை பிழையில்லை, மீட்டரிலையும் பிழையில்லை. கீழுக்குப் போக வேண்டியது மேலுக்குப் போயிருக்கு. மேலுக்குப் போக வேண்டியது கீழுக்குப் போயிருக்கு.”

நான் குடிவருமுன் அங்கே வேலை செய்த யாரோ ஒருவர், ஹீட்டரை மாற்றியபோது இரண்டு வயர்களையும் இடம் மாற்றி முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். இரவு மின்சாரம் உச்சி ஹீட்டருக்குப் போயிற்று. அது தன் தலைக்கு மேலிருந்த கொஞ்சத்தைக் காய்ச்சிவிட்டு, தெர்மோஸ்டாட் அணைத்துவிட, இரவெல்லாம் சும்மா இருந்தது. பகல் சுவிட்சைப் போட்டபோதோ அடி ஹீட்டர், அண்டா நிறைந்த குளிர்நீரை, பகல் விலைக்குக் காய்ச்ச ஆரம்பித்தது. கருவிகள் ஒவ்வொன்றும் தத்தம் கடமையைக் குறைவறச் செய்தன; சேர்ந்து செய்த காரியம்தான் தலைகீழாயிற்று.

* * *

வேலையை அவர் செய்த முறையைக் கூடவே நின்று பார்த்தேன். பார்த்ததைச் சொன்னால், இந்த ஹீட்டர்களின் இணைப்பு முறை வாசகர்களுக்கு விளங்கும்.

ஒவ்வொரு ஹீட்டருக்கும் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து தனியான வயர். வேறெந்த விளக்கும் பிளக்கும் அதில் பங்குகொள்ளக் கூடாது. 3 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 13 ஆம்பியர்; அதுவும் தேநீர்க் கெட்டிலைப்போல் மூன்று நிமிஷம் அல்ல, மணிக்கணக்காக. பிரிட்டிஷ் வீட்டு பிளக்கின் எல்லையும் அதே 13 ஆம்பியர்தான். எல்லையிலேயே இரவெல்லாம் நிற்கும் பிளக் பழுப்பேறிக் கருகிப்போகும். அதனால் பிளக்கே இல்லாமல், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 16 ஆம்பியர் காப்பு, சுவரில் 20 ஆம்பியர் தாங்கும் இரட்டைத் துருவச் சுவிட்ச், அதில் எரியும் ஒரு சிவப்பு விளக்கு என்று ஏற்பாடு. இரட்டைத் துருவம் என்பது போகிற கம்பி, திரும்புகிற கம்பி இரண்டையும் ஒருசேரத் துண்டிப்பது. சுவிட்சிலிருந்து ஹீட்டருக்குப் போகும் கடைசி இரண்டு முழத்துக்குச் சாதாரண வயர் ஆகாது. ஹீட்டரின் மூடி எப்போதும் சூடாக இருப்பதால், சாதாரண பிளாஸ்டிக் உறை சில வருஷங்களில் இறுகி, அப்பளம்போல் நொறுங்கிவிடும். அங்கே வெப்பம் தாங்கும் ரப்பர் உறை போட்ட வயரைத்தான் பூட்டினார். கழற்றிய பழைய வயரை அவர் விரலால் வளைத்தபோது அது படீரென்று ஒடிந்ததை இன்றும் மறக்கவில்லை.

இரண்டு பெட்டிகளிலிருந்து வரும் திரும்புகிற கம்பிகளை, ‘நியூட்ரல்தானே, எங்கே கட்டினால் என்ன’ என்று ஒன்றுக்குப் பதில் ஒன்றாகக் கட்டிவிடுவது சகஜமான தவறு. ஒரு பெட்டியில் புறப்பட்ட மின்சாரம் மற்றொரு பெட்டி வழியாக வீடு திரும்பினால், கசிவைக் கண்காணிக்கும் காவல் சுவிட்ச், கணக்கு ஒத்துவரவில்லை என்று விழுந்துவிடும். அப்படி ஒரு காவல் இல்லாத பழைய வீட்டிலோ, ஒரு பெட்டியை அணைத்துவிட்டுத் தைரியமாகக் கை வைத்தவன், அணைந்ததாக நம்பிய கம்பியிலேயே அடி வாங்குவான். அவரவர் வீட்டு மாட்டை அவரவர் தொழுவத்திலேயே கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட என் மனத்தில் தைத்தது அவர் இரண்டு பெட்டிகளையும் அணைத்த விதம். இரவுப் பெட்டி அப்போது பகலாதலால் எப்படியும் உயிரற்றுத்தான் இருந்தது. சோதனைக் கருவியும் அப்படியே சொல்லிற்று. ஆயினும் அவர் அதன் பெரிய சுவிட்சையும் இறக்கி, ஃப்யூஸையும் உருவித் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன்.

“செத்த வயரும் நித்திரை கொள்ளுற வயரும் இந்தக் கருவிக்கு ஒண்டுதான், தம்பி. எங்களுக்கு ஒண்டில்லை.”

கடிகாரம் பிழையாக ஓடிக்கொண்டிருந்தால் அந்த வயர் எந்த நேரமும் விழித்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் வந்த ‘எகானமி டென்’ போன்ற திட்டங்களில் பிற்பகலிலேயே சில மணி நேரம் மலிவு மின்சாரம் வரும்; அங்கே விழிப்பதற்குப் பிழையான கடிகாரம்கூட வேண்டியதில்லை. ஒரே அலமாரிக்குள் இரண்டு வழிகளிலிருந்து மின்சாரம் வருகிற இடத்தில், அதைச் சொல்லும் எச்சரிக்கைச் சீட்டு ஒன்று கட்டாயம் ஒட்டியிருக்க வேண்டும் என்பதன் காரணம் எனக்கு அன்றுதான் உறைத்தது. 2005 ஜனவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுக்குள் இப்படிப் புதிதாக ஒரு வழி போடுவது கட்டட விதிகளுக்கு உட்பட்ட காரியமாகி, தகுதிபெற்றவர் செய்து சான்றிதழ் தர வேண்டும் என்று ஆகிவிட்டது.

* * *

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா வீட்டிலும் இரவுப் பெட்டி தனியாக இருப்பதில்லை. சில வீடுகளில் மீட்டர் மட்டும் நள்ளிரவில் ஒரு வரிசையிலிருந்து மறு வரிசைக்குத் தாவும். வீட்டுக்காரர் தம் செலவில் ஒரு டைமர் வைத்து, அந்த நேரம் பார்த்து ஹீட்டரை எரிய விட வேண்டும். இங்கே இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. பல மீட்டர்கள் வருஷம் முழுவதும் கிரீன்விச் நேரத்திலேயே நிற்பவை. வீட்டுக்காரரோ மார்ச் மாதக் கடைசியில் தம் கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி முன்னே தள்ளுகிறவர். டைமரையும் சேர்த்துத் தள்ளிவிட்டாரானால், மீட்டர் இன்னும் பகல் வரிசையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் எரியத் தொடங்கிவிடும். தினம் ஒரு மணி நேரம், 3 யூனிட், அக்டோபர்க் கடைசிவரை ஏழு மாதங்கள்: அறுநூற்றுச் சில்லறை யூனிட், வேளை தெரியாமல் வாங்கிய பாவத்துக்குப் பகல் விலையில் போகும்.

இந்தத் தொல்லையைத் தீர்க்க எண்பதுகளில் ஓர் அழகான உபாயம் கண்டார்கள். பி.பி.சி.யின் நாலாவது வானொலி, டிராய்ட்விச் முதலிய நிலையங்களிலிருந்து நெட்டலையில் ஒலிபரப்பாகிவந்ததல்லவா, அந்த அலைக்குள்ளேயே, கேட்பவர் காதுக்கு எட்டாத ஒரு சங்கேதத்தை ஒளித்து அனுப்பி, லட்சக்கணக்கான வீட்டு மீட்டர்களுக்கு ‘இப்போது திற, இப்போது மூடு’ என்று கட்டளையிட்டார்கள். கூடத்தில் கிழவர் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். அதே அலை, அவரறியாமல், அலமாரிக்குள் அவருடைய மறுநாள் குளியலுக்கு ஆணை பிறப்பித்துக்கொண்டிருக்கும்!

* * *

சூடேற்றும் சாதனத்தை மனிதன் தூங்கும்போது எரியவிடுவதால், அதைத் தடுத்து நிறுத்தும் கருவியின்மேல்தான் உயிரின் பாரம் முழுவதும் இருக்கிறது. எலிமெண்டோடு கூடவே நீருக்குள் இறங்கும் ஒரு கம்பிதான் தெர்மோஸ்டாட். அது 60 டிகிரியில் அணைக்க வேண்டும். அது பழுதாகி அணைக்க மறந்தால், தண்ணீர் கொதித்து, சிலிண்டரின் உச்சியிலிருந்து பரணுக்குப் போகும் காற்றுப்போக்குக் குழாய் வழியே பொங்கி, அங்குள்ள பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டும். வெந்நீருக்கென்று செய்யப்படாத அந்தத் தொட்டி இளகித் தாங்காமல் உடையலாம். 2006-இல் இங்கிலாந்தின் டாண்டன் நகரில் அப்படி உடைந்த தொட்டியின் கீழே ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது; அது பிழைக்கவில்லை. 2004-க்குப் பின் செய்யப்பட்ட ஹீட்டர்களில், முதல் காவலன் தவறினால் இரண்டாவது ஒருவன் மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிடும் ஏற்பாடு உண்டு. ஆனால் அந்தக் குழந்தையின் வீட்டில் இருந்தது பழைய ரகம். சிலிண்டர் பொருமும் சத்தம் கேட்டாலும், குளிர்நீர்க் குழாயில் வெந்நீர் வந்தாலும், முதலில் ஹீட்டரை அணைத்துவிட்டுப் பிறகுதான் மற்ற யோசனை.

* * *

ஹாரோ வீட்டில் வேலை முடிந்து, பெரியவர் வெள்ளை டேப்பில் இரண்டு துண்டு நறுக்கி, சுவிட்சுகளுக்கு மேல் ஒட்டினார். ஒன்றில் ‘இரவு’, மற்றதில் ‘பகல்’ என்று எழுதச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தவர் சற்று யோசித்துவிட்டு, ‘கீழ்’ என்றும் ‘மேல்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதி, அதற்கடியில் தமிழிலும் எழுதினார்.

“அடுத்து வாறவனுக்கு இங்கிலீசு, அம்மாவுக்குத் தமிழ்” என்றார்.

“இரவு, பகல் என்றால்தானே அண்ணே அம்மாவுக்குப் புரியும்?”

“இரவையும் பகலையும் கம்பெனிக்காரன் மாத்துவான், தம்பி. மேலையும் கீழையும் ஆராலும் மாத்தேலாது.”

அன்று அதைத் தொழில்காரரின் பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டேன். 2025 ஜூன் 30 முதல் அந்த வானொலிச் சங்கேதத்தைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். அதன் சொற்படி நடந்த பழைய மீட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவை வைக்கிறார்கள். நிலக்கரி நிலையங்களில் கடைசியானதும் 2024 செப்டம்பரோடு மூடப்பட்டாயிற்று. இப்போது மின்சாரம் மிஞ்சுவது காற்று பலமாக வீசும் வேளையில். சில திட்டங்களில் அரை மணிக்கு ஒரு விலை. கூரையில் சூரியத் தகடு வைத்த வீட்டுக்காரருக்கோ நடுப்பகல்தான் மலிவு நேரம். இரவில் எரிந்த அடி ஹீட்டரை அவர் உச்சி வெயிலில் எரியவிடுகிறார். ‘இரவு’ என்று எழுதி ஒட்டியிருந்தால் அந்தச் சீட்டு இன்று பொய்யாகியிருக்கும்.

மூன்று வருஷம் கழித்து அந்த வீட்டைக் காலி செய்தபோது, சுவரில் அடித்த ஆணிகளையெல்லாம் பிடுங்கி, துளைகளை அடைத்து, வந்தபடியே ஒப்படைத்தேன். அந்த இரண்டு டேப்பை மட்டும் உரிக்கவில்லை. தமிழ் தெரியாத யாரோ அந்த அலமாரியைத் திறந்து, வளைந்து வளைந்து ஓடும் எழுத்துகளைப் பார்த்து, இது என்ன மந்திரமோ என்று மலைத்திருக்கலாம். அதற்கு மேலேயே அர்த்தமும் எழுதியிருந்தது.

(அடுத்த வாரம்: பரணில் ஒரு குளம்)